உயிலில் தர்மத்துக்கு எழுதி வைத்தால் யார் கொண்டுபோய்க் கொடுப்பது?

11 பிப்ரவரி 2024

ஒரு வாசகர் கேட்டது: ‘வயது 66. குழந்தைகள் இல்லை, மனைவியும் காலமாகிவிட்டாள். தம்பி பிள்ளைகள் வசதியாகத்தான் இருக்கிறார்கள். சொத்தில் பாதி ஏதாவது தர்மத்துக்குப் போகட்டும் என்று உயில் எழுத நினைக்கிறேன். நண்பர் ஒருவர், செத்த பிறகு கொடுப்பதெல்லாம் நடக்காது, கொடுப்பதானால் இப்போதே கொடுத்துவிடு என்கிறார். அவர் சொல்வது சரியா?’

பாதி சரி. நடக்காமல் போவதற்குக் காரணம் சட்டம் இல்லை. எவ்வளவு கொடுக்கலாம், எங்கே கொடுக்கலாம் என்று ராத்திரியெல்லாம் யோசிக்கிறவர்கள், யார் கையால் போய்ச் சேரும் என்று யோசிப்பதில்லை. நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் பல பேருடைய உயிலைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கம் ஒரே ஒரு உயிலை நிறைவேற்றினேன், என் அத்தையுடையது. கற்றுக்கொண்டது அதில்தான்.

அத்தை ஸ்ரீரங்கத்தில் பள்ளி ஆசிரியை, திருமணம் செய்துகொள்ளவில்லை. உயிலைக் கோடு போட்ட நோட்டுத் தாளில் தன் கையெழுத்திலேயே எழுதியிருந்தார். அதில் தவறில்லை. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை, சாட்சி இரண்டு பேர் கையெழுத்து இருந்தால் போதும். வீடு எனக்கும் என் தங்கைக்கும். வங்கியிலிருக்கும் பணம் ‘நல்ல அநாதை ஆசிரமம் ஒன்றுக்கு’. எந்த ஆசிரமம்? எழுதவில்லை. சாட்சி போட்ட இருவரும் அவருடன் வேலை பார்த்த ஆசிரியைகள், இருவருமே அவரைவிட மூத்தவர்கள். ஒருவர் அத்தைக்கு முன்பே போய்விட்டார். இன்னொருவர் மகளோடு புனேயில் இருந்தார். போனில் பேசினால் அத்தையை நன்றாக ஞாபகம் இருந்தது, கையெழுத்துப் போட்டதுதான் ஞாபகம் இல்லை.

மீதியை நாளை எழுதுகிறேன்.

12 பிப்ரவரி 2024

கேள்வி கேட்ட சார், நீங்கள் எழுதியிருக்கும் ‘ஏதாவது தர்மத்துக்கு’ என்ற சொற்களை அப்படியே உயிலில் போட்டுவிடாதீர்கள். 1899-லேயே லண்டன் பிரிவி கவுன்சில் (அன்று நம் வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றம்) இதில் ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டது. பம்பாய்ப் பக்கத்து வழக்கு. ‘தர்மத்துக்கு’ என்று மட்டும் எழுதியிருந்த உயில் பகுதி செல்லாது என்றார்கள். குளம் வெட்டுவதும் தர்மம், விருந்தினருக்குச் சோறு போடுவதும் தர்மம். எதை என்று ஒரு நீதிமன்றம் பிடித்துக்கொள்வது? செல்லாது என்று ஆனால் அந்தப் பணம் திரும்ப வாரிசுகளிடம்தான் போகும். உங்கள் விஷயத்தில் தம்பி, அவர் இல்லை என்றால் தம்பி பிள்ளைகள்.

அத்தை ‘அநாதை ஆசிரமம்’ என்றாவது எழுதியிருந்தார். அதனால் நோக்கம் தெளிவாக இருந்தது, பெயர்தான் இல்லை.

12 பிப்ரவரி 2024, இரவு

புரோபேட், அதாவது உயில் உண்மையானதுதான் என்று நீதிமன்றம் தரும் சான்று, வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உயில் சென்னை நகருக்குள் எழுதப்பட்டிருந்தால், அல்லது சொத்து அங்கே இருந்தால் உயர் நீதிமன்றத்தில் வாங்க வேண்டியிருந்தது (2025 டிசம்பரில் இந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள்). ஸ்ரீரங்கத்துக்கு அப்போதும் அது இல்லை. அந்த வகையில் அத்தை எனக்கு நல்லது செய்தார்.

18 பிப்ரவரி 2024

நாமினி விஷயம். இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டு பேர் ‘டிரஸ்ட் பெயரை எஃப்.டி.யில் நாமினியாகப் போட்டுவிட்டால் உயிலே வேண்டாமே’ என்று எழுதியிருக்கிறார்கள்.

போட முடியாது. வங்கி வைப்புக்கு நாமினி தனிநபராகத்தான் இருக்க வேண்டும். மியூச்சுவல் ஃபண்டில் தர்ம டிரஸ்ட்டை நாமினியாகப் போட இடம் உண்டு, படிவத்தின் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கும். ஆனால் இவற்றில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்கிறவர் மட்டுமே. சொந்தக்காரர் உயில்படியோ வாரிசுரிமைப்படியோதான் முடிவாகும். எல்.ஐ.சி. விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 1983-ல் சொன்னதை, பங்குகள் விஷயத்தில் 2023 டிசம்பரில் மறுபடி உறுதி செய்திருக்கிறது.

அத்தையின் வைப்புகளுக்கு நாமினி நான். பணம் என் கணக்குக்கு வந்த வாரம், ஒரு சித்தப்பா முறை உறவினர் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு, ‘உன் பேர்லதானே வந்திருக்கு, அவ எழுதுன காகிதத்தை யாரு பாத்தா’ என்றார். கெட்ட மனிதர் இல்லை. என் தங்கை பெண்ணின் கல்யாணத்துக்கு உதவட்டுமே என்ற எண்ணம்தான். சொல்கிறேன், அந்த நாள் சாயங்காலம் வரை எனக்கும் அது ஒரு யோசனையாகத்தான் இருந்தது. யாரும் கேட்கப் போவதில்லை. பெயர் எழுதாத ஆசிரமத்திலிருந்து யார் வந்து வழக்குப் போடப் போகிறார்கள்?

ஆகவே இது முதல் பாடம். நிறுவனத்தின் பெயரைப் பதிவில் உள்ளபடி, பதிவு எண்ணோடும் பான் எண்ணோடும் எழுதுங்கள். முடிந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். தங்களுக்கு வரவேண்டியது இருக்கிறது என்று தெரிந்தவர்கள்தான் கேட்பார்கள்.

25 பிப்ரவரி 2024

‘சொல்லி வைத்தால் எப்போது சாவான் என்று பார்த்துக்கொண்டிருப்பார்களே’ என்று ஒருவர். சார், உறவினர்கள் மட்டும் என்ன பார்த்துக்கொண்டு இருக்கிறார்களாம்?

3 மார்ச் 2024

தொகை எழுதுவது பற்றி. ‘ஐந்து லட்சம் இன்ன இடத்துக்கு’ என்று எழுதாதீர்கள். பங்காக எழுதுங்கள்: மருத்துவச் செலவு, கடன், ஈமச் செலவு எல்லாம் போக மிஞ்சுவதில் இத்தனை பங்கு. கடைசி ஆறு மாதத்தில் ஆஸ்பத்திரி எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாது.

இன்னொரு காரணம் விலைவாசி. என் தாத்தா 1970-களில் எங்கள் ஊர்க் கோயிலில் ஐயாயிரம் ரூபாய் கட்டிக் கட்டளை வைத்தார். வருஷத்தில் ஒரு நாள் அவர் பெயரில் அபிஷேகம், அன்னதானம். அன்று அது பெரிய தொகை, வட்டியில் தாராளமாக நடந்திருக்கிறது. இன்று அந்த வட்டி ஒரு நல்ல பூமாலைக்குக் காணாது. கல்லில் பெயர் இருக்கிறது. செலவை வருஷா வருஷம் நாங்கள்தான் கட்டுகிறோம். அதாவது தாத்தா வைத்தது கட்டளை என்பதைவிடப் பேரன்களுக்கு வைத்த பில் என்று சொல்லலாம்.

இந்த விஷயத்தில் சோழர் காலத்துக்காரர்கள் நம்மைவிடக் கெட்டி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு கொடுத்ததாக வருகிறது. ஆட்டைப் பொறுப்பேற்ற இடையர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆட்டுக்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்றே பெயர். கிழடு போனால் குட்டி வரும், எண்ணிக்கை குறையக் கூடாது. காசாகக் கொடுத்திருந்தால் மதிப்பு இறங்கியிருக்கும், ஆட்டுக்கும் நெய்க்கும் விலைவாசி ஏது. இன்னொன்று கவனியுங்கள், இடையர் பெயரோடு நிற்காமல் அவருடைய உறவினர் பெயர்களையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். அவர் இல்லாவிட்டால் இவர்.

4 மார்ச் 2024

நேற்று விட்டுப்போனது. பழைய கல்வெட்டுகள் பலவற்றின் முடிவில் ‘இந்தத் தர்மத்துக்குத் தீங்கு செய்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்’ என்று வருமே, அதுதான் அந்தக் காலத்து அமலாக்கப் பிரிவு. என் சித்தப்பா முறைக்காரரிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

17 மார்ச் 2024

‘பழங்காலப் பெருமை போதும், நம் காலத்துக்குப் பக்கத்தில் யாராவது ஒழுங்காக உயிலில் தர்மம் செய்திருக்கிறார்களா’ என்ற கேள்விக்கு: பச்சையப்ப முதலியார். ஆனால் ‘ஒழுங்காக’ என்பதை எடுத்துவிட வேண்டும்.

சென்னையில் துபாஷியாக, அதாவது வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக, இருந்து பெரும் பணம் சேர்த்தவர். 1794 மார்ச்சில், சாவதற்குச் சில நாட்கள் முன்பு உயில் எழுதினார். கோயில் தர்மங்களுக்கென்று எழுதினார். மார்ச் 31 அன்று திருவையாற்றில் இறந்துவிட்டார். அதன்பின் பணம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி, வழக்காகி, பல பத்து ஆண்டுகள் இழுத்தது. கடைசியில் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் தலையிட்டு, சென்னை சுப்ரீம் கோர்ட் ஒரு திட்டம் வகுத்தது. அதற்குள் வட்டியும் முதலுமாகத் தொகை பெருகிக் கிடந்தது. கோயில்களுக்கென்று ஒதுக்கியது போக மிஞ்சியதைக் கல்விக்குத் திருப்பினார்கள். 1842-ல் பள்ளி, அப்புறம் கல்லூரி. அண்ணா படித்த பச்சையப்பன் கல்லூரி அப்படி வந்ததுதான்.

இதை இரண்டு விதமாகவும் பார்க்கலாம். நிறைவேற்றுகிறவர்கள் சரியில்லாததால் அரை நூற்றாண்டு தர்மம் நின்றது. அல்லது, அவர்கள் சரியாக இருந்து அவ்வப்போது செலவழித்திருந்தால் மிச்சமே இருந்திருக்காது, கல்லூரியும் வந்திருக்காது. நான் முதல் பக்கம்தான். நம் சொத்து பிரச்சினையில் மாட்டி ஐம்பது வருஷம் கழித்துக் கல்லூரியாகும் என்று நம்பிக்கொண்டு எவரும் உயில் எழுத முடியாது.

24 மார்ச் 2024

லண்டனிலிருந்து ஒரு தம்பி: இங்கிலாந்துக் குடியுரிமை வாங்கியாகிவிட்டது, வீடு அங்கே, ஊரிலுள்ள பள்ளிக்கும் அம்மன் கோயிலுக்கும் எழுதி வைக்கலாமா?

அங்கே வாரிசுரிமை வரி 40 சதவீதம். நிகரச் சொத்தில் பத்தில் ஒரு பங்காவது தர்ம நிறுவனத்துக்கு எழுதினால் விகிதம் 36 ஆகக் குறையும், 2012-லிருந்து இருக்கிற சலுகை. ஆனால் அந்தத் தர்ம நிறுவனம் அவர்கள் நாட்டுக் கணக்கில் தகுதியானதாக இருக்க வேண்டும். ஊர் அம்மன் கோயில் கமிட்டி அதில் வராது. அதற்கு மேல் இங்கேயும் ஒரு தடை இருக்கிறது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் பணம், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், நம் சட்டத்தில் வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவுள்ள அமைப்புதான் வாங்க முடியும், அதுவும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் திறந்த கணக்கில்தான் முதலில் வர வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியே அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை.

தம்பி, அங்கே பதிவான, இங்கே வேலை செய்கிற ஒரு அமைப்பைத் தேடுங்கள். அம்மனுக்கு உயிரோடு இருக்கும்போது லீவில் வந்து செய்யுங்கள்.

31 மார்ச் 2024

நம் ஊரில் ஏன் யாரும் இதைத் திட்டமிடுவதில்லை என்றால் காரணம் எளிது, வரி இல்லை. எஸ்டேட் வரி 1953-ல் வந்தது, உச்ச விகிதம் 85 சதவீதம் வரைக்கும் போயிருந்தது, 1985-ல் எடுத்துவிட்டார்கள். அதனால் உயிலில் தர்மம் எழுதுவதால் வரியில் ஒரு பைசா மிச்சம் ஆகாது. நன்கொடைக்கு வருமான வரியில் தரும் 80ஜி கழிவு உயிரோடு இருந்து கொடுப்பவருக்குத்தான். அதுவும் பழைய வரி முறையில்தான், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் போனால் கிடையாது, பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது.

ஆக இங்கே ஒருவர் தர்மத்துக்கு உயில் எழுதினால் மனசு இருந்து எழுதுகிறார் என்று நம்பலாம். ஆடிட்டர் சொல்லி எழுதவில்லை.

14 ஏப்ரல் 2024

புத்தாண்டு வாழ்த்து சொல்லி ஒரு வக்கீல் நண்பர் சேர்க்கச் சொன்னவை.

இஸ்லாமியர்கள் உயில் மூலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது, வாரிசுகள் சம்மதித்தால் ஒழிய. கிறிஸ்தவர்களுக்கு வேறு ஒரு விநோதம் இருந்தது. அண்ணன் தம்பி பிள்ளைகள், அல்லது அதைவிட நெருங்கிய உறவு இருக்கிற ஒருவர் தர்மத்துக்கு எழுதினால், சாவதற்குக் குறைந்தது 12 மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டும், எழுதிய 6 மாதத்துக்குள் சட்டம் சொன்ன இடத்தில் ஒப்படைத்திருக்க வேண்டும். வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு. கேரளத்துப் பாதிரியார் ஒருவர் தொடுத்த வழக்கில் 2003-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இந்துவுக்கு இல்லாத கட்டுப்பாடு இவர்களுக்கு மட்டும் ஏன் என்பதுதான் கேள்வி.

பழைய உயில் வைத்திருக்கும் குடும்பங்களில் இன்னும் அந்த 12 மாதக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது அது இல்லை.

5 மே 2024

முதலில் சொன்னதைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கிறேன். ‘இப்போதே கொடு’ என்ற அந்த நண்பரை நான் பாதி சரி என்றேன். இங்கே வந்த கடிதங்களைப் படித்த பிறகு முக்கால் என்று ஏற்றலாம் போலிருக்கிறது.

வீடு இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயுள் வரை நானே குடியிருப்பேன், எனக்குப் பிறகு இன்ன டிரஸ்ட்டுக்கு என்று செட்டில்மென்ட் பத்திரம் இப்போதே பதிவு செய்யலாம். டிரஸ்ட் இப்போதே வந்து பார்த்து, வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிடும். வேண்டாம் என்பதும் நடக்கும். பங்காளி வழக்கு உள்ள வீடு, மூன்றாம் மாடி லிப்ட் இல்லாத ஃபிளாட், இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு முதியோர் இல்லம் என்ன செய்யும்? உயிலில் எழுதியிருந்தால் அந்த ‘வேண்டாம்’ நாம் இல்லாதபோது வரும்.

ஆனால் எழுதிக் கொடுத்ததை மனம் மாறித் திரும்ப வாங்க முடியாது. உயிலைக் கடைசி நாள் வரை கிழித்து எழுதலாம். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு உள்ள கட்டணச் சலுகையும் டிரஸ்ட்டுக்கு எழுதும்போது கிடைக்காது. 66 வயதில், தனியாக இருப்பவர், வீட்டை விற்று மருத்துவம் பார்க்க வேண்டி வந்தால்? அதனால் என் யோசனை: வீட்டைத் தொடாதீர்கள். உயிலில் ‘விற்று, வரும் பணத்தைக் கொடு’ என்று எழுதுங்கள். உபரியாக இருக்கிற வைப்பில் ஒரு பகுதியை இப்போதே கொடுத்துப் பாருங்கள். அந்த நிறுவனம் ரசீது எப்படித் தருகிறது, அடுத்த வருஷம் என்ன செய்தோம் என்று எழுதுகிறதா என்பதெல்லாம் தெரியும். பெண் பார்க்கப் போவது மாதிரி ஒரு நாள் போய்ப் பார்த்தால் பஜ்ஜி சொஜ்ஜிதான் கிடைக்கும்.

6 மே 2024

80ஜி பதிவு இப்போது ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியது. இன்று இருக்கிற சான்றிதழ் நீங்கள் போகும்போது இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. அதனால் ‘அந்த நிறுவனம் அப்போது இயங்காவிட்டால், அதே நோக்கமுள்ள வேறொன்றுக்கு, நிறைவேற்றுபவர் தேர்வுப்படி’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். பெரிய தொகை என்றால் ‘கார்ப்பஸ் நிதிக்கு’, அதாவது முதலைத் தொடாமல் வைத்திருக்கும் மூலநிதிக்கு, என்றும் எழுதுங்கள். எழுதாவிட்டால் அது அவர்களுக்கு அந்த வருஷ வருமானம். வரிவிலக்கு வேண்டுமானால் 85 சதவீதத்தைச் செலவழித்துக் காட்ட வேண்டியிருக்கும். கல்வி உதவித்தொகை போல வருஷா வருஷம் நடக்க வேண்டியது ஒரே ஆண்டில் கரைந்துவிடும்.

2 ஜூன் 2024

தம்பி பிள்ளைகள் வழக்குப் போட்டால்? போடலாம். சொத்து உங்கள் சுயசம்பாத்தியம் என்றால் யாருக்கும் எழுதலாம். ஆனால் நெருங்கிய உறவை விட்டுவிட்டு எழுதிய உயிலை நீதிமன்றம் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கும், 1959-லிருந்து உச்ச நீதிமன்றம் சொல்லிவருவது அது. அதற்கு மருந்து, காரணத்தை உயிலிலேயே எழுதுவது. ‘தம்பி பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள், அவர்கள்மேல் எனக்குக் கோபம் ஏதுமில்லை, இது என் மனைவியின் விருப்பம்’ என்று நாலு வரி. வயது அதிகம் என்றால் அன்றைய தேதியில் ஒரு டாக்டர் சான்றிதழ். சாட்சிகள் உங்களைவிட இளையவர்கள். அத்தை கதை போதும் இதற்கு.

இன்னொன்று, அவர்களுக்கும் ஏதாவது எழுதுங்கள். ஒன்றுமே இல்லாதவனுக்கு வழக்கில் இழக்க ஒன்றுமில்லை.

9 ஜூன் 2024

நிறைவேற்றுபவர் யார் என்று பலர் கேட்கிறார்கள். ஆல்ஃபிரட் நோபல் உயிலை 1895-ல் வக்கீல் இல்லாமல் தானே எழுதினார். பரிசு தர வேண்டிய அமைப்புகளிடம் கேட்கவில்லை, பணத்தை வைத்திருக்க ஒரு நிறுவனமும் இல்லை. உறவினர்கள் எதிர்த்தார்கள். நிறைவேற்றுபவர்களில் ஒருவர் ராக்னர் சோல்மன், அப்போது அவருக்கு இருபத்தாறு வயதுதான். பாரிஸில் இருந்த பத்திரங்களைக் குதிரை வண்டியில் ஏற்றி, கையில் ரிவால்வரோடு உட்கார்ந்து கொண்டுபோனார். 1901-ல் முதல் பரிசு வந்ததற்கு அந்த ஆள்தான் காரணம்.

உங்கள் வயசுக்காரரைப் போடாதீர்கள். இருபது வயது இளையவர், பண விஷயத்தில் கறார், உங்கள் உறவினர்களிடம் ‘முடியாது’ என்று சொல்லக்கூடியவர். அவர் இல்லாவிட்டால் இன்னொருவர் பெயரும். அவருக்கு ஒரு தொகையும் எழுதுங்கள். அலைச்சலுக்குச் சும்மா வேலை வாங்குவது தர்மத்தில் சேராது.

16 ஜூன் 2024

உடல் தானத்தை உயிலில் எழுதலாமா? எழுதிப் பயனில்லை. உயிலைப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பிரிக்கிறார்கள். அதற்கு மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறையில் படிவம் கொடுத்து, வீட்டாரிடம் சொல்லி வைக்க வேண்டும். அன்று சம்மதிக்க வேண்டியது அவர்கள்.

23 ஜூன் 2024

அத்தை பணம் என்ன ஆயிற்று என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். கொடுத்துவிட்டேன். முதலில் போன இடத்தில் ரசீது கேட்டபோது முகம் மாறியது, டிரஸ்ட் பத்திரம் கேட்டபோது மேனேஜர் லீவில் போய்விட்டார். எழுந்து வந்துவிட்டேன். அப்புறம் அத்தை பள்ளியில் படித்த ஒரு பெண், இப்போது நர்ஸ், தான் வளர்ந்த இல்லத்தைக் காட்டினார். அத்தை வருஷா வருஷம் அங்கே நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கிறார், வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்தப் பெயரை ஒரே வரியில் எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை.

சித்தப்பா முறைக்காரர் கல்யாணத்தில் பார்த்தபோது, ‘ரசீது வாங்கினியா’ என்று மட்டும் கேட்டார்.

7 ஜூலை 2024

முதலில் கேட்ட சார் மறுபடி எழுதியிருக்கிறார். உயில் எழுதியாகிவிட்டது, மிச்சத்தில் பாதி ஒரு கண் மருத்துவமனை டிரஸ்ட்டுக்கு. நிறைவேற்றுபவர் தம்பியின் இளைய மகள், கேட்டதும் ஒப்புக்கொண்டாளாம். பிற்பாடு டிரஸ்ட்டை மாற்றத் தோன்றினால் முழு உயிலையும் மறுபடி எழுத வேண்டுமா என்கிறார்.

வேண்டாம் சார். ‘இன்ன தேதி உயிலில் இந்தப் பத்திக்குப் பதில் இது’ என்று ஒரு இணைப்பு உயில் போதும். ஆனால் அதற்கும் இரண்டு சாட்சி வேண்டும், மூல உயிலில் பேனாவால் அடித்துத் திருத்தக் கூடாது. இரண்டு தடவைக்கு மேல் மாற்றினால் மட்டும் புதிதாக ஒன்று எழுதி, பழையவை ரத்து என்று முதல் வரியில் போடுங்கள். வைத்திருக்கும் இடத்தை அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். பீரோவில் வேண்டாம், சாவி யாரிடம் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். உறையில் போட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் வழி இருக்கிறது.